நீர்த்தடைத் தாளும் வரைபடமும்

கூரையிலும் நிலவறையிலும் நீர் புகாமல் தடுப்பதற்கெனத் தாள் வடிவில் செய்யப்படும் பொருள்கள் இந்நாட்டில் இன்று பெருமளவில் உபயோகத்தில் உள்ளன. பிட்டுமன் ஊட்டிய பெல்ட்டுத் தாள், பாலிமர் கலந்த பிட்டுமன் தாள், பி.வி.சி. தாள், செயற்கை ரப்பர்த் தாள் என அவற்றில் பல வகைகள் உண்டு. வேலைத்தளங்களில் இவை யாவும் 'மெம்பிரேன்' என்ற ஒரே பெயரால் வழங்குகின்றன. பொருளின் தரம் முன்னைவிட உயர்ந்திருக்கிறது, வகைகளும் பெருகியிருக்கின்றன. ஆயினும் முதல் பெருமழை பெய்தவுடனே ஒழுகத் தொடங்கும் புதிய கட்டிடங்களுக்குக் குறைவில்லை. தாள் மட்டமானது என்றோ, வேலையாள் கவனக்குறைவாக இருந்தான் என்றோ அப்பொழுது காரணம் கூறுவது வழக்கமாகிவிட்டது. ஒழுகும் இடங்களை நிதானமாகப் பார்வையிட்டால் உண்மை வேறாகத் தெரியும். தாளின் நடுப்பகுதி கெட்டு ஒழுகுவது அரிது. சுவரோடு கூரை சேரும் இடம், குழாயின் வாய், கதவின் படி, தளத்தின் இணைப்பு, தாளின் ஓரம் ஆகிய இடங்களிலேதான் ஒழுக்கு தோன்றுகிறது. இவ்விடங்களில் தாளை எவ்வாறு திருப்புவது, எங்கே முடிப்பது என்பதை வேலை தொடங்கும் முன் எவரும் வரைந்து தீர்மானிக்கவில்லை என்பதே இக்குறையின் மூலகாரணம் ஆகும்.

நீர்த்தடை வேலையை ஒரு பூச்சு வேலையாகக் கருதாமல், வரைபடத்தில் திட்டமிட வேண்டிய ஓர் அமைப்பு வேலையாகக் கருதுதல் வேண்டும். இரும்புக் கம்பிகளுக்கு விவரப்படம் இல்லாமல் கான்கிரீட்டு இட எந்த இஞ்சினீயரும் சம்மதிப்பதில்லை. நீர்த்தடைத் தாளுக்கும் அதே விதி பொருந்த வேண்டும்.

பழைய தளமும் புதிய தாளும்

தட்டைக் கூரை இந்நாட்டுக்குப் புதிதன்று. தென்னாட்டில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பிக் கட்டைகளால் பல நாள் அடித்து இறுக்கிய தளம் உண்டு. பஞ்சாப், தில்லி முதலிய பகுதிகளில் மண்ணும் வைக்கோலும் கலந்து பரப்பி, மேலே செங்கல் ஓடு பதிக்கும் 'மட் பஸ்கா' தளம் உண்டு. இவற்றின் காவல் அவற்றின் கனத்தில் இருந்தது. பெய்த நீரில் ஒரு பகுதியை அவை உறிஞ்சிக்கொண்டு, வெயில் வந்தபின் வெளிவிட்டன. மெல்லிய வெடிப்புகளைச் சுண்ணாம்பு ஓரளவு தானே அடைத்துக்கொண்டது. ஓரிடத்தில் கைத்திறன் குறைந்திருந்தாலும் தளத்தின் கனம் அதைப் பொறுத்துக்கொண்டது. ஆகவே இத்தகைய தளத்துக்குக் கொத்தரின் அனுபவமே பெரும்பாலும் போதுமானதாயிருந்தது.

நீர்த்தடைத் தாளின் இயல்பு இதற்கு நேர்மாறானது. பாலிமர் கலந்த பிட்டுமன் தாளின் கனம் சாதாரணமாக 3 அல்லது 4 மி.மீ. மட்டுமே. அது நீரை உறிஞ்சுவதில்லை. தன் குறையைத் தானே அடைத்துக்கொள்வதும் இல்லை. தொடர்ச்சி ஒன்றே அதன் பலம். அத்தொடர்ச்சி ஒரு விரற்கடை அளவு அறுபட்டாலும் நீர் தாளின் அடியில் புகுந்து, தளத்தின்மீது பரவி, நெடுந்தொலைவு சென்று வேறோர் இடத்தில் கூரையின் அடியில் ஈரமாகத் தோன்றும். ஒழுகும் இடம் ஒன்று, நீர் புகுந்த இடம் மற்றொன்று என்றாகிவிடுவதால் குறையைக் கண்டுபிடிப்பதும் கடினமாகிறது. எவ்விடத்திலும் அறுபடாத தொடர்ச்சியை அனுபவத்தால் மட்டும் உறுதி செய்ய இயலாது. அதை முன்கூட்டியே காகிதத்தில் கண்ணால் கண்டாக வேண்டும்.

அம்புக்குறி வரைபடம் ஆகாது

பல கட்டிடங்களின் வரைபடங்களில் நீர்த்தடை வேலைக்கு ஒரே ஓர் அம்புக்குறியும், 'நீர்த்தடைத் தாள் இடுக' என்ற ஒரு வரியுமே காணப்படும். இதனால் தாள் உண்டு என்பது தெரிகிறதேயன்றி, அது எவ்வாறு அமைய வேண்டும் என்பது தெரியவில்லை. அளவு வீதத்தைச் சிந்தித்தால் இதன் காரணம் விளங்கும். 1:100 வீதத்தில் வரைந்த கூரைப் படத்தில் 4 மி.மீ. கனமுள்ள தாள் 0.04 மி.மீ. ஆகிவிடும். கூரிய பென்சிலால் இட்ட கோடும் அதைவிடத் தடிப்பானது. அந்தப் படத்தில் தாளை வரைவது இயலாத காரியம். 1:5 வீதத்தில் அதே தாள் 0.8 மி.மீ. தடிப்புள்ள கோடாகும். அப்பொழுதுதான் தாள் எங்கே மடிகிறது, எதன்மேல் படிகிறது, எந்தப் பள்ளத்தில் செருகப்படுகிறது என்பவை தெரியவரும். பெரிய வீதத்தில் வரையாத ஒரு சந்திப்பைத் திட்டமிட்டதாகக் கூறுவதற்கில்லை.

வரையப்படாத சந்திப்பைப் பற்றியும் யாரோ ஒருவர் முடிவு செய்யத்தான் வேண்டியிருக்கிறது. மாலை மங்கும் நேரத்தில், சுருளில் எஞ்சிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஊதுவிளக்கோடு கூரைமீது நிற்கும் வேலையாள்தான் அவர். வேலையில் எல்லோரையும்விடக் குறைந்த கூலி பெறும் அவர்மீது, எல்லாவற்றிலும் கடினமான முடிவு சுமத்தப்படுகிறது. பின்னர் கூரை ஒழுகினால் பழியும் அவர்மீதே விழுகிறது. இது விஞ்ஞான முறைக்கும் ஒவ்வாது, நியாயத்துக்கும் ஒவ்வாது.

வரைய வேண்டிய படங்கள்

நடுத்தரமான ஒரு கட்டிடத்துக்கு நான்கு வகைப் படங்கள் போதும். கூரையின் தளப்படம், கட்டிடத்தின் குறுக்குவெட்டுப் படம், சந்திப்புகளின் விவரப்படங்கள், தாள் பரப்பும் ஒழுங்கைக் காட்டும் படம் என்பன அவை.

கூரையின் தளப்படத்தில் மழைநீர்க் குழாய்களின் இடமும், சரிவின் திசையும், ஒவ்வொரு முக்கிய இடத்தின் மட்டமும் எண்ணால் குறிக்கப்பட வேண்டும். சரிவை அம்புக்குறியால் காட்டி விட்டுவிடுவது போதாது. உதாரணமாக, 8 மீட்டர் அகலமுள்ள பள்ளிக்கூடக் கூரை ஒன்று, 100-க்கு 1 என்ற வீதத்தில் ஒரே பக்கமாகச் சரிவதாகக் கொள்வோம். குழாய்ப் பக்கத்தில் சரிவுக் கலவையின் கனம் 40 மி.மீ. என்றால், எதிர்ப்பக்கத்தில் அது 120 மி.மீ. ஆகிறது. தாளின்மேல் பதிக்கும் ஓட்டுக்கும் அதன் கலவைக்கும் 40 மி.மீ. சேர்த்தால், முடிந்த தளம் கான்கிரீட்டுக்கு மேல் 160 மி.மீ. உயரத்தில் நிற்கும். அப்பக்கத்தில் மாடிப்படி அறையின் கதவுப் படி 200 மி.மீ. உயரத்தில் கட்டப்பட்டிருந்தால் எஞ்சுவது 40 மி.மீ. மட்டுமே. தாளைத் தளத்துக்கு மேல் 150 மி.மீ. வரையாவது சுவரில் ஏற்ற வேண்டும் என்பது பொது விதி. ஆகவே அக்கதவின் வழியாக நீர் உள்ளே வருவது ஏறக்குறைய நிச்சயம். மிகச் சிறந்த தாளை வாங்கினாலும் இக்குறை நீங்காது.

இந்தக் கணக்கைக் குறுக்குவெட்டுப் படம் ஒன்று அரைமணி நேரத்தில் வெளிப்படுத்திவிடும். படத்தில் கதவுப் படியை 310 மி.மீ.க்கு உயர்த்தலாம், அல்லது சரிவை நடுவிலிருந்து இருபக்கமும் பிரித்துக் கலவையின் கனத்தைக் குறைத்து, அதற்கேற்பப் படியின் மட்டத்தைக் கணக்கிடலாம். காகிதத்தில் இம்மாற்றத்துக்கு ரப்பரும் பென்சிலும் போதும். கட்டிய பின்னரோ கதவுச் சட்டத்தைப் பெயர்த்தாக வேண்டும்.

குழாய்களின் எண்ணிக்கையும் தளப்படத்திலேயே தீர்மானிக்கப்பட வேண்டியதாகும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் மும்பையின் சாந்தாகுரூஸ் நிலையத்தில் 944 மி.மீ. மழை பதிவாயிற்று. 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள கூரை ஒன்றின்மீது அத்தகைய மழை பெய்தால், ஏறக்குறைய 90,000 லிட்டர் நீர் ஒரே நாளில் வெளியேற வேண்டும். இது அபூர்வமான மழைதான். எனினும் ஒரே குழாயை நம்பிய கூரையில் ஒரு கைப்பிடிச் சருகு அதன் வாயை அடைத்தால், சாதாரண மழையிலும் கூரை குளமாகிவிடும். சிறிய கூரைக்கும் இரண்டு வழிகள் இருப்பது நல்லது.

விவரப்படங்கள் குறைந்தது ஐந்து இடங்களுக்குத் தேவை. கைப்பிடிச் சுவரின் அடி, மழைநீர்க் குழாயின் வாய், கூரையைத் துளைத்துச் செல்லும் குழாய், கதவுப் படி, தளத்தின் விரிவு இணைப்பு என்பன அவை. கைப்பிடிச் சுவரின் அடியில் செங்கோணமாகத் தாளை மடித்தால் அது வெடிக்கும். ஆகையால் அங்கே, வடநாட்டில் 'கோலா' என வழங்கும் வளைந்த பூச்சை முதலில் இட்டு, தாளை அதன்மேல் ஏற்றி, சுவரில் வெட்டிய பள்ளத்துக்குள் செருகிச் சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும். குழாயின் வாயில் 'குர்ரா' என்ற தாழ்ந்த பள்ளம் அமைத்து, தாளைக் குழாயின் உட்பக்கம் வரை இறக்க வேண்டும். இவை புதிய செய்திகள் அல்ல. பெல்ட்டுத் தாள் இடுவதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1346, கட்டிட வரைபடங்களுக்கான ஐ.எஸ். 962, நீர்த்தடைக்குரிய பொது அமைப்புகளைக் கூறும் ஐ.எஸ். 3067 ஆகியவை பல ஆண்டுகளாகவே கையில் உள்ளன. அவற்றில் உள்ளவை கட்டிடத்தின் வரைபடத்துக்குள் வந்து சேருவதில்லை என்பதே குறை.

விரிவு இணைப்பு தனிக் கவனத்துக்கு உரியது. ஒரு மீட்டர் நீளமுள்ள கான்கிரீட்டு ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் உஷ்ணத்துக்கும் ஏறக்குறைய 0.01 மி.மீ. விரிகிறது. 30 மீட்டர் நீளமுள்ள தளத்தின் உஷ்ணம் 30 டிகிரி மாறினால், அது சுமார் 9 மி.மீ. நீள்கிறது, குளிரும்போது அதே அளவு சுருங்குகிறது. இணைப்பின் குறுக்கே தாளை இறுக்கமாக ஒட்டிவிட்டால் ஒரு கோடையைக்கூட அது தாங்காது. தாளைச் சற்றுத் தளர்வாக வளைத்து விடுவதா, இருபக்கமும் சிறு சுவர் எழுப்பி மேலே மூடி அமைப்பதா என்பதை இஞ்சினீயர் வரைந்து காட்ட வேண்டும்.

நிலவறையில் வரைபடம் இன்னும் இன்றியமையாதது. அங்கே தாள் அடித்தளத்தின் கீழ் பரவி, சுவரின் வெளிப்புறம் ஏற வேண்டும். அடித்தளக் கான்கிரீட்டு இட்ட பிறகு கீழிருக்கும் தாளை எவரும் தொட முடியாது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற வரிசையைப் படங்களில் எண்ணிட்டுக் காட்டினாலன்றி, தரைத் தாளும் சுவர்த் தாளும் ஒன்று சேர வேண்டிய ஓரம் மண்ணிலும் சேற்றிலும் மிதிபட்டுப் பாழாகிவிடும்.

சுருள்களின் கணக்கு

தாள் பரப்பும் ஒழுங்கைக் காட்டும் படம் பெரும்பாலான அலுவலகங்களில் வரையப்படுவதே இல்லை. அதன் பயனை ஒரு கணக்கால் அறியலாம். மேற்கூறிய 12 மீட்டருக்கு 8 மீட்டர் கூரையின் பரப்பு 96 சதுர மீட்டர். ஒரு மீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள சுருள்கள் 10 இருந்தால் போதும் என்று பரப்பைக் கொண்டு கணக்கிடுவோர் கூறுவர். ஆனால் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். பக்கங்களில் 100 மி.மீ., முனைகளில் 150 மி.மீ. படிய வேண்டும் என்று கொண்டால், முதல் வரிசை ஒரு மீட்டரையும், அடுத்த ஒவ்வொரு வரிசையும் 0.9 மீட்டரையும் மட்டுமே மூடும். எனவே 8 மீட்டர் அகலத்துக்கு 9 வரிசைகள் தேவை. முனைப் படிவையும் சேர்த்து அவற்றுக்கு ஏறக்குறைய 109 சதுர மீட்டர் தாள் செலவாகும். நாற்புறமும் 40 மீட்டர் நீளமுள்ள கைப்பிடிச் சுவரின் அடியில் ஏற்றும் பட்டைக்கு 0.4 மீட்டர் அகலம் வைத்தால், மேலும் 16 சதுர மீட்டர் வேண்டும். ஆகமொத்தம் 125 சதுர மீட்டர். அதாவது குறைந்தது 13 சுருள்கள்.

பத்துச் சுருள்களோடு வேலை தொடங்கினால் என்ன நிகழும் என்பதைக் களப்பணியாளர் அறிவர். பாதி வேலையில் தாள் குறைவது தெரிந்தவுடன் படிவின் அகலம் 100 மி.மீ.யிலிருந்து 50 மி.மீ.க்கு இறங்கும். சுவரில் ஏற வேண்டிய தாள் அடியிலேயே நின்றுவிடும். மேற்பார்வையாளர் கண்காணிப்பதற்கு முன்பே ஓடு பதித்து எல்லாம் மறைந்துவிடும். இத்தகைய வேலை ஏமாற்று வேலையாகத் தோன்றினாலும், அதன் தொடக்கம் தவறான மதிப்பீட்டிலேயே இருக்கிறது. தாள் பரப்பும் படத்தைக் கொண்டு மதிப்பீடு தயாரித்தால், நேர்மையான காண்டிராக்டர் நஷ்டமின்றி முறையாக வேலை செய்ய வழி ஏற்படும்.

அதே படம் பரப்பும் திசையையும் காட்டும். தாழ்ந்த ஓரத்தில் முதல் வரிசையைத் தொடங்கி, உயர்ந்த பக்கம் நோக்கி ஏற வேண்டும். ஓட்டுக் கூரையில் மேலோடு கீழோட்டின்மேல் படிவதுபோல, மேல்வரிசைத் தாள் கீழ்வரிசைத் தாளின்மேல் படிந்தால்தான் ஓடும் நீர் இணைப்பைத் தாண்டிச் செல்லும். மாறினால் ஒவ்வோர் இணைப்பும் நீரை எதிர்கொண்டு வாய் திறந்து நிற்கும்.

வகுப்பறையில் செய்ய வேண்டுவது

தொழிற்பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் வரைபடப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இதில் முக்கிய பங்கு உண்டு. சுவர், தூண், படிக்கட்டு ஆகியவற்றை மாணவர் அழகாக வரைகின்றனர். நீர் எவ்வழியே செல்லும் என்ற கேள்வியை அப்படத்தின்மீது எழுப்ப அவர்கள் பழக்கப்படுவதில்லை. இரண்டு எளிய பயிற்சிகள் இக்குறையைப் போக்கும்.

முதலாவது, சிவப்புப் பென்சில் சோதனை. கட்டிடத்தின் குறுக்குவெட்டுப் படத்தில், ஒருபக்கக் கைப்பிடிச் சுவரின் பள்ளத்தில் தொடங்கி, நீர்த்தடைத் தாளின் வழியே சிவப்புக் கோடு ஒன்றை இழுத்துக்கொண்டு மறுபக்கச் சுவரின் பள்ளம் வரை செல்லுமாறு மாணவரைப் பணிக்க வேண்டும். பென்சிலை எடுக்காமல் கோடு முடிந்தால் திட்டம் சரி. எங்கே பென்சில் நிற்கிறதோ, எங்கே மாணவர் தயங்குகிறாரோ, அங்கேதான் மழைநீரும் புகும். அவ்விடத்துக்கு உடனே 1:5 வீதத்தில் விவரப்படம் வரையச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, மூலைப் பயிற்சி. வெட்டுப் படம் ஒரு தளத்தை மட்டுமே காட்டும். மூன்று தளங்கள் கூடும் மூலையைக் காட்டாது. ஒரு காகிதத்தைப் பெட்டியின் உள்மூலையில் பதித்துப் பார்த்தால் காகிதம் மிஞ்சும். அந்த மிச்சத்தை வெட்டாமல் மடித்து ஒரு பக்கத்தில் ஒட்டிவிடலாம். அதே காகிதத்தை, தரையில் வைத்த பெட்டியின் வெளிமூலை தரையோடு சேரும் இடத்தில் பதித்தால் காகிதம் போதாது; வெட்டினால் முனையில் இடைவெளி விழும்; அதன்மேல் தனித் துண்டு ஒன்று ஒட்டாமல் மூட முடியாது. உள்மூலை, வெளிமூலை இரண்டுக்கும் வேறுபட்ட வெட்டு முறை தேவை என்பதை ஐந்து நிமிஷத்தில் மாணவர் தம் கையாலேயே உணர்ந்துகொள்வர். பின்னர் அதைச் சமஅளவுச் சாய்வுப் படமாக வரையச் செய்தால் பாடம் நிறைவுறும். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

மறுப்புகளும் விடைகளும்

இவ்வளவு படங்கள் வரைய நேரமும் ஆளும் இல்லை என்பது முதல் மறுப்பு. சந்திப்புகள் கட்டிடத்துக்குக் கட்டிடம் முற்றிலும் மாறுவதில்லை. ஓர் அலுவலகம் பத்துப் பன்னிரண்டு விவரப்படங்களை ஒருமுறை நன்கு ஆராய்ந்து வரைந்து வைத்துக்கொண்டால், பெரும்பாலான வேலைகளுக்கு அவை உதவும். ஆனால் அவற்றைப் படியெடுக்குமுன் அந்தக் கட்டிடத்துக்குப் பொருந்துமா என்று ஒவ்வொரு முறையும் சோதித்தல் அவசியம். கணினியில் வரையும் வழக்கம் வந்த பின்னர், தாள் உற்பத்தியாளர் தரும் படங்களை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வது சுலபமாகிவிட்டது. செங்கல் கைப்பிடிச் சுவருக்குப் பள்ளம் வெட்டிச் செருக வேண்டிய இடத்தில், அயல்நாட்டு உலோகத் தகட்டு மூடியைக் காட்டும் படம் இருந்தால் களத்தில் அதற்குப் பயனில்லை.

அனுபவமுள்ள மேஸ்திரிக்கு வரைபடம் தேவையில்லை என்பது இரண்டாவது மறுப்பு. அவருடைய அறிவு மதிக்கத்தக்கதே. அப்படியாயின் படம் வரையும்போதே அவரை அழைத்து வைத்துக் கேட்பதே முறை. எந்த வளைவில் தாள் வெடிக்கும், எந்த இடுக்கில் ஊதுவிளக்கு எட்டாது என்பவை அவருக்குத் தெரிந்த அளவு வரைபடக்காரருக்குத் தெரியாது. அவ்வறிவு படத்தில் ஏறினால் அவர் அடுத்த வேலைக்குச் சென்ற பின்னரும் அது நிலைத்து நிற்கும்.

வரைபடம் இருந்தாலும் வேலை கெடலாம் என்பது மூன்றாவது மறுப்பு. இது மெய்யே. ஈரமான தளத்தில் ஒட்டிய தாளையும், ஒட்டிய பின் ஆணி விழுந்து கிழிந்த தாளையும் எந்தப் படமும் காக்காது. தாள் இட்ட பின், ஓடு பதிக்குமுன், நீரைத் தேக்கிச் சோதிக்கும் வழக்கத்துக்கு வரைபடம் மாற்று ஆகாது. எனினும், வேலை கெட்டதா, திட்டம் கெட்டதா என்று பிரித்தறிவதற்கு வரைபடம் ஒன்றே அளவுகோலாக இருக்கிறது. அது இல்லாத இடத்தில் யாரையும் பொறுப்பாளியாக்க முடியாது. அடுத்த கட்டிடத்தில் அதே குறையைத் தவிர்க்கவும் முடியாது.

களப்பணியாளர் கடமை

மேற்பார்வையாளர்கள் மூன்று பழக்கங்களை மேற்கொண்டால் பெரும் பயன் விளையும். ஐந்து சந்திப்புகளின் விவரப்படங்களும், தாள் பரப்பும் படமும் கைக்கு வந்து சேராமல் சுருளைப் பிரிக்க அனுமதியாதிருத்தல் முதலாவது. களத்தில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் அன்றே படத்தில் சிவப்பு மையால் குறித்தல் இரண்டாவது. வேலை முடிந்தபின் அந்தப் படத்தைக் கட்டிடத்தைப் பராமரிப்பவரிடம் ஒப்படைத்தல் மூன்றாவது. பத்து ஆண்டுகளுக்குப் பின் கூரைமேல் நீர்த்தொட்டி வைக்கவோ, கம்பம் நடவோ, சூரிய மின்தகடு பொருத்தவோ வருபவர், எங்கே துளையிடலாம், எங்கே கூடாது என்பதை அப்படத்தைக் கொண்டே அறிய முடியும்.

ஒழுகும் கூரையின் சேதம் சுவரில் தோன்றும் கறையோடு முடிவதில்லை. கான்கிரீட்டில் இறங்கும் ஈரம் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. பெயர்ந்த துண்டுகள் கீழே இருப்போர்மீது விழுகின்றன. பள்ளிக்கூடத்தில் அவ்விடத்தில் அமர்ந்திருப்போர் குழந்தைகள், மருத்துவமனையில் நோயாளிகள். கூரையின்மேல் விரிக்கும் தாளுக்குப் பெருந்தொகை செலவிட முன்வரும் அலுவலகங்கள், அதைத் திட்டமிடும் சில வரைபடத் தாள்களுக்கும் சில நாள் உழைப்புக்கும் தயங்குவது சிக்கனம் ஆகாது.